கயிறு அழுத்தினால் அடங்கும் சத்தம்

செவ்வாய் இரவு, பதுளை.

இரத்தக் குழாய்களான நாடியும் நாளமும் முறைதவறி இணைந்து உண்டாகும் கட்டிகளைப் பற்றிய எங்கள் ஆய்வில் பாக்கியம் அக்காவும் ஒருவர். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர். முன்னந்தலையில், கூடைக் கயிறு பதியும் இடத்திலேயே கட்டி. தொட்டால் துடிக்கும். உடைந்தால் இரத்தத்தை நிறுத்துவது கஷ்டம், சத்திரசிகிச்சை வரை கூடை போடவே கூடாது என்று போன மாதம் சொல்லி அனுப்பினேன்.

இன்று கட்டியின் மேல்தோல் வெங்காயச் சருகாய் மெலிந்திருந்தது. குறுக்கே புதிய கயிற்றுத் தடம். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"கொழுந்தெடுக்க மலைக்குப் போகவேண்டாம் எண்டெல்லோ சொன்னனான்?"

"மலைக்குப் போகலீங்க டொக்டரம்மா. ராத்திரியில கூடையில வெறகு போட்டு, தலையில மாட்டிக்கிட்டு லயத்து வீட்டுக்குள்ளயே உக்காந்திருப்பேன்."

"ஏன் அக்கா?"

"காதுக்குள்ள உஸ்ஸு உஸ்ஸுன்னு ஓயாத சத்தங்க. கயிறு அழுத்துனாத்தான் அடங்குது. வேலைக்குப் போறப்ப பகல்லயாவது நிம்மதியா இருந்தேன்."

வலிக்கிறதா, வளர்கிறதா, இரத்தம் கசிகிறதா என்று எல்லோரிடமும் கேட்கிறோம். சத்தம் கேட்கிறதா என்று ஒருவரிடமும் கேட்டதில்லை.

உடனே வார்டில் சேர்த்தேன். புறப்படும்போது திரும்பிப் பார்த்தால், சேலைத் தலைப்பை முறுக்கித் தலையைச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையை எடுத்துவிட்டார்.

அதை அவிழ்த்துவிடச் சொல்லி தாதியிடம் சொல்லிவிட்டு வந்தேன். சத்தத்துக்கு என்ன செய்வது என்று சொல்லவில்லை. இந்நேரம் அவிழ்த்திருப்பார்கள்.