பதில் மனு எழுதிய பெண்ணுக்கு

அம்பத்தூர்,
11.7.1993

அன்புள்ள ஜமீலாவுக்கு,

உலகநாதன் எழுதுகிறேன். இங்கு நானும் வீட்டில் எல்லோரும் நலம். மஸ்கட்டில் நீயும் உன் அண்ணன் குடும்பமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆவடி குவார்ட்டர்ஸுக்குப் போய் உன் அத்தாவிடம் முகவரி வாங்கினேன். கொடுக்கும்போதே எச்சரித்தார்: “கேஸ் பத்தின்னு தெரிஞ்சா பிரிக்கவே மாட்டா சார். பாத்து எழுதுங்க.” ஆகவே பத்திரிகைக்காரன் பழக்கப்படி முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கன்னியம்மாளின் வீடு கன்னியம்மாளுக்கே என்று போன மாதம் உத்தரவாகிவிட்டது. நீ கெடுத்துவிட்டதாக நினைத்து விட்டுப்போன வழக்கு கெடவில்லை.

இனி விவரம். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். பயந்துபோன மனதில் சம்பவங்கள் வேறு மாதிரி தங்கிவிடும். நான் கூடவே இருந்து பார்த்தவன்.

வெள்ளானூரில் கன்னியம்மாளின் வீடு இருக்கும் மனை பழைய நிலக்காரருடையது. நிலத்தை சம்பத் என்ற மனை வியாபாரி வாங்கி, வயலெல்லாம் கல் நட்டு மஞ்சள் பெயின்ட் அடித்தான். வீட்டு வாசலிலும் ஒரு கல் நட்டான். சட்டம் குறிப்பிடும் 1971-ஆம் ஆண்டு நாளில் ஒரு விவசாயத் தொழிலாளி அந்த மனையில் குடியிருந்திருந்தால் மனை அவருக்கே சொந்தம். அதைக் கேட்டுத்தான் நம் சட்ட உதவி மையம் மனுப் போட்டது. இறந்துபோன அவள் கணவன் வேம்புலி விவசாயத் தொழிலாளி, இவள் அவருடைய வாரிசு என்று எழுதினோம்.

லோகநாயகி மேடம் எப்படி வேலை வாங்குவார் என்பது உனக்குத் தெரியும். சட்டக் கல்லூரியில் அவர் ஆசிரியராகச் சேர்ந்தது 1964-ல். மற்ற பேராசிரியர்கள் சட்டத்தை நடத்தினார்கள், இவர் அதை எழுதக் கற்றுக்கொடுத்தார். மாணவர் எழுதிய மனுவில் திருத்தமே போட மாட்டார். ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கோடு இருக்கும். “இந்த இடத்துல உன்னை நம்புறதை நிறுத்திட்டேன்” என்பதுதான் அதற்கு அர்த்தம். ஏன் என்று கண்டுபிடிப்பது மாணவர் பாடு. 1983-ல் அம்பத்தூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தையல் கடை மாடியில் சனிக்கிழமை மையத்தைத் தொடங்கியபோது உடன் வேலை பார்த்த ஒருவர் சிரித்தார்: “பசங்களைத் தாலுகா ஆபீஸ் மரத்தடியில மனு எழுதுறவங்களா ஆக்கிடாதீங்கம்மா.” மேடம் அமைதியாகச் சொன்னார்: “அவங்க எழுதுற மனுவுக்கு ஆபீஸ்ல பதில் வருது. நம்ம பசங்க எழுதினா வருமான்னுதான் பாக்கப் போறேன்.” பத்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முழுநேர ஆசிரியர் என்பதால் கோட்டுப் போட்டு வாதாட அவருக்கு அனுமதியில்லை. அவர் எழுதுவார், வக்கீல் கங்காதரன் நின்று பேசுவார்.

அவருடைய இன்னொரு கட்டளைதான் உன்னை மாட்டிவிட்டது. மனு எழுதும் மாணவர், எதிராளியின் வக்கீலாகத் தன்னை நினைத்துக்கொண்டு அந்த மனுவுக்குப் பதில் மனுவும் எழுத வேண்டும். நீதிமன்றத் தாளில், வழக்குத் தலைப்போடு, தட்டச்சு செய்து. பயிற்சிதானே என்று அரைகுறையாக எழுதினால் எதிராளியை மட்டமாக எடைபோடும் பழக்கம் வந்துவிடும் என்பார். நீ எழுதிய பதில் மனுவை நானும் படித்தேன். 1971-ல் வேம்புலி வயலில் இல்லை, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தார் என்பதைக் கன்னியம்மாளின் பேச்சிலிருந்தே பிடித்திருந்தாய். ஆகவே அவர் விவசாயத் தொழிலாளி அல்ல, மனு தள்ளப்பட வேண்டும் என்று முடித்திருந்தாய். மேடம் அதில் எங்கேயும் கோடு போடவில்லை. நான் பார்த்தவரை அப்படி வந்த ஒரே தாள் அது.

மழை நாளில் அவசரமாகக் கட்டுகளைப் பிரித்துத் தைத்தபோது அந்தத் தாள் எதிர்த்தரப்புக்குப் போக வேண்டிய கட்டில் சேர்ந்துவிட்டது. எதிராளிக்குத் தெரியாத உண்மையை நாமே எழுதி, நாமே அனுப்பினோம். அவர்கள் பதில் மனு தாக்கலானபோது வரிக்கு வரி உன்னுடையதாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை உனக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. அதற்குப் பிறகு நீ வரவேயில்லை. பரீட்சை எழுதித் தேறினாய், வக்கீலாகப் பதிவு செய்துகொள்ளாமலே விமானம் ஏறினாய். அதனால் பின்னால் நடந்த எதையும் நீ பார்க்கவில்லை.

அந்தக் காய்ச்சல் சனிக்கிழமையன்றே மேடம் வெள்ளானூருக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். கங்காதரனுக்கு அதில் சம்மதமில்லை. “கட்சிக்காரங்ககிட்ட போய் நாமளே சொல்றதா? அது மாணவர் பயிற்சித் தாள், கணக்கில எடுக்கக் கூடாதுன்னு ஆட்சேபம் போடலாம் மேடம்” என்றார். “அதுல எழுதினது பொய்யா?” என்று மேடம் கேட்டார். இல்லை என்றார். “அப்புறம் எதை ஆட்சேபிக்கிறது?” என்று பஸ் ஏறிவிட்டார்.

கன்னியம்மாள் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மேடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். உன் பெயரை எடுக்கவில்லை. “தாளை அந்த மாதிரி எழுதச் சொன்னது நான், கட்டைச் சரிபாக்காம விட்டதும் நான். நீங்க வேற வக்கீல்கிட்ட போறதா இருந்தா நானே கூட்டிட்டுப் போறேன்” என்றார். கன்னியம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“இன்னாம்மா இது! நம்ம ஊட்டுச் சாவிய நீயே கொண்டுபோய் அந்த சம்பத்து கைல குடுத்துட்டு வந்துகீற!” என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். கத்தி முடித்ததும் அவளே சொன்னாள்: “வேற வக்கீலாண்ட போனா மட்டும்? அவன் தப்பு பண்ணா நம்மாண்ட சொல்லப் போறானா? நீ பஸ்ஸு புட்ச்சி வந்து சொல்ற. உக்காரு.” பிறகு கேட்டாள்: “அந்த ஒல்லிப் பொண்ணுதான எழுதிகினு இருந்துச்சு? அது இன்னாச்சு? அழுதுகினு கீதா? சோறு துன்னுச்சா இல்லியா?”

மேடம் உட்கார்ந்தார். பேச்சை மாற்றுவது போலத்தான் கேட்டார்: “உங்க வீட்டுக்காரர் பட்டறைக்குப் போனப்ப நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“நா இன்னா பண்ணுவேன்? நடவு, களை, அறுப்பு. அவுரு சம்பளம் அவுருக்கே பத்தாது. சோறு வந்ததெல்லாம் இந்தக் கழனில இருந்துதான்.”

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். மாதக்கணக்காக அவளிடம் பேசியிருக்கிறோம். எல்லோரும் கணவனைப் பற்றியே கேட்டோம். சட்டத்தில் தொழிலாளி என்றுதான் இருக்கிறது, ஆண் என்று இல்லை. அந்த வீட்டில் விவசாயத் தொழிலாளி அன்றைக்கும் கன்னியம்மாள்தான்.

மேடம் மனுவைத் திருத்தி எழுதினார். எதிர்த்தரப்பு வக்கீல் பக்தவத்சலம் ஆட்சேபித்தார், ஆனாலும் மனுவை விசாரித்த வருவாய்த் துறை அதிகாரி அனுமதித்தார். வேம்புலி பட்டறைக்குப் போனதை மேடம் மறைக்கவில்லை. இரண்டாவது பத்தியிலேயே ஒப்புக்கொண்டார். முதல் பத்தியை நான் குறித்து வைத்திருக்கிறேன்: “மனுதாரர் பதினாறு வயதில் இந்த நிலத்தில் நாற்று நடத் தொடங்கினார். நிலம் மனைகளாகும்வரை நட்டார். நிலத்தின் வடக்கு மூலையில் குடியிருக்கிறார்.” ஏழை, விதவை, ஆதரவற்றவர் என்ற சொற்கள் அந்த மனுவில் எங்கேயும் இல்லை. இத்தனை வருடம் செய்தி எழுதிய எனக்கு அப்படி ஒரு முதல் பத்தி அமைந்ததில்லை.

விசாரணை நாளில் வராந்தாவில் பக்தவத்சலம் எல்லோர் காதிலும் விழும்படி, “எங்களுக்கு ஜூனியர் இல்லாத குறையைத் தீர்த்துட்டீங்களே பேராசிரியரம்மா” என்றார். “நல்லா எழுதியிருந்தாளா? சொல்றேன், சந்தோஷப்படுவா” என்று மேடம் உள்ளே போய்விட்டார்.

பழைய நிலக்காரரிடம் மேஸ்திரியாக இருந்த துலுக்கானத்தை அவர்கள் சாட்சிக்கு அழைத்திருந்தார்கள். வேம்புலி பட்டறைக்குப் போனது உண்மையா என்று பக்தவத்சலம் கேட்டார். “போனானே! காக்கி டவுசர் மாட்டிகினு சைக்கிள்ல போவான். தொர போறாரு பார்றான்னு நாங்க சிரிப்போம்” என்றார் பெரியவர். பக்தவத்சலம் திருப்தியாக உட்கார்ந்தார். கங்காதரன் கையில் மேடம் கொடுத்த தாள் இருந்தது. அதில் ஒரே கேள்வி: அந்த வருடம் நடவுக்கு முதலில் வயலில் இறங்கியது யார்?

“இது இன்னா கேள்வி? கன்னியம்மாதான். அது எறங்குனாத்தான் மத்த பொம்பளைங்க எறங்கும். புருசன் பட்டறைக்குப் போனா அதுக்கு இன்னா நைனா? அவனா வந்து நாத்து நட்டான்?”

அதிகாரியே சிரித்துவிட்டார். கங்காதரன் உற்சாகத்தில் இன்னொரு கேள்விக்கு வாயைத் திறந்தார். பின்வரிசையில் மேடம் இருமினார். கங்காதரன் உட்கார்ந்துவிட்டார்.

முழு வெற்றி என்று எழுதினால் தப்பு. வீடும் பின்கட்டும் கிடைத்தன. மாடு கட்டும் இடம் கிடைக்கவில்லை. அவள் இப்போது மாட்டைத் தெருவில் கட்டுகிறாள், சம்பத்தின் ஆட்கள் தினமும் சண்டைக்கு வருகிறார்கள், அவளும் சளைக்காமல் பதில் கொடுக்கிறாள். வாசலில் நட்ட கல்லைப் பிடுங்கித் துணி துவைக்கப் போட்டுக்கொண்டாள்.

உத்தரவு வந்த அன்று திரும்பும் வழியில் மேடத்திடம் உன்னைப் பற்றிக் கேட்டேன். “அந்தத் தாள் நம்மகிட்டயே இருந்திருந்தா அதுக்கு ஒரு பதில் யோசிச்சு வச்சுக்கிட்டு நான் திருப்தியா இருந்திருப்பேன். கன்னியம்மா வீட்டுக்குப் போய் உக்காந்திருக்க மாட்டேன்” என்றார். கொஞ்ச தூரம் போனதும், “அதுக்காகத் தப்பு சரின்னு ஆயிடாது” என்றும் சொன்னார். இப்போது பயிற்சிக்கெல்லாம் மஞ்சள் தாள்.

மேடம் வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறார். பாராட்டு விழா வேண்டாம் என்றுவிட்டார். கல்லூரிக்கு விட்டு விட்டுத்தான் போகிறார், மையத்துக்கு மட்டும் எல்லாச் சனிக்கிழமையும் வருகிறார். மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று ஏறுகிறார். பொது மருத்துவமனைக்கு நானும் ஒருமுறை கூடப் போய் வந்தேன். டாக்டர் சொன்னதை யாருக்கும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், அதனால் எழுதவில்லை.

இப்போது கன்னியம்மாளின் அடுத்த வீட்டு அங்கம்மா வந்திருக்கிறாள். அதே நிலம், அதே சம்பத். அவள் புருஷனும் அதே பட்டறை. போன சனிக்கிழமை, “என் மனுவ எப்பம்மா எழுதுவ?” என்று மேடத்தைக் கேட்டாள். மேடம், “எழுதப் போறது நான் இல்ல. எழுதுறவ மஸ்கட்ல இருக்கா, வந்துடுவா” என்றார். அங்கம்மா என்னைப் பார்த்து, “மெய்யாலுமா?” என்றாள். நான் தலையாட்டி வைத்தேன்.

இவரை எனக்குப் பத்து வருடமாகத் தெரியும். கையில் ஆதாரமில்லாத ஒரு வாக்கியத்தை இவர் சொல்லி நான் கேட்டதில்லை, இந்த ஒன்றைத் தவிர. சம்பத்துக்கு அவசரம், அங்கம்மா காத்திருக்கிறாள். மேடத்துக்காகவும் நீ சீக்கிரம் வர வேண்டும். அதற்கு மேல் என்னைக் கேட்காதே.

நீ எடுத்துவைக்கும் காரியமெல்லாம் கைகூடட்டும். அண்ணனுக்கும் அண்ணிக்கும் என் அன்பைச் சொல்லு. பதில் எழுத வேண்டாம் அம்மா, வா.

உன் நலம் நாடும்,
உலகநாதன்