சம்பந்தி அம்மா பார்க்க வரும் பாத்ரூம்

2007 ஜூன் 6, புதன்

விடியலிலிருந்து மழை. ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை. அதனால் என் வீட்டுக்காரி வீட்டில். நான் செய்த வேலையை முழுசாகப் பார்த்துவிட்டாள்.

புது பாத்ரூம் சுவருக்கு நேற்று நானே பெயிண்ட் அடித்தேன். நீல எனாமல். பெயிண்ட் அடிக்கிற பாஸைக் கூப்பிடலாம் என்றாள். இருபது வருசம் ரப்பர் பெக்டரியில் வேலை செய்தவனுக்கு ஒரு சுவர் பெரிசா என்றேன். சுவரில் பாதி, வெள்ளை டைலில் பாதி. டின் சாய்ந்து தரையில் ஒரு குளம். அதை மிதித்து, கதவுவரை என் காலடி.

"இத கண்டுபிடிக்க போலீசுக்கு நாய் கூட வேணாம்" என்கிறாள்.

ஞாயிறு அவிசாவளையிலிருந்து சம்பந்தி அம்மா வருகிறார். மகள் செல்விக்கு ஏழாம் மாசம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான், எங்கள் வழக்கம். ஆனால் அந்த அம்மா போனில் சொன்னது: "தோட்டத்து லயத்து வீட்டுல மழையில தண்ணி ஓடுற கானைத் தாண்டில்ல கக்கூசுக்கு போவணும். நான் வந்து பாத்துட்டுத்தாண்ணே புள்ளய அனுப்புவேன்." இந்த பாத்ரூமே அதற்காகக் கட்டியது. செல்வி வருவாளா மாட்டாளா, டைல் சொல்லும்.

7 வியாழன்

மழை. லீவு போட்டேன். காரணம்: காய்ச்சல். செய்து பார்த்தவை:

மண்ணெண்ணெய். புள்ளியாக இருந்தது மேகமாகப் பரவியது.

பெக்டரியில் பால் உறைய ஊற்றும் அசிட், நேற்றே கொஞ்சம் கேட்டு வாங்கியது. பெயிண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் கண்ணில் தண்ணீர்.

சுடுதண்ணி ஊற்றி, சவர பிளேட். சுவர் டைலுக்கு அருமை. சாய்த்துத் தள்ளினால் தோல் மாதிரி உரிகிறது. தாடியோடு சம்பந்தியைப் பார்க்க வேண்டியதுதான்.

தரையில் பிளேட் உடைகிறது. தெஹியோவிட்ட கடைக்குப் போனேன். சுவருக்கு அடித்தாயா தரைக்கு அடித்தாயா என்று முதலாளி சிங்களத்தில் கேட்டார். இரண்டுக்கும் என்றேன். தின்னர் எடுத்து வைத்தார். பிள்ளைத்தாய்ச்சி வரும் வீட்டில் அந்த நாற்றம் வேண்டாம். முரட்டு சேண்ட் பேப்பர் வாங்கி வந்தேன்.

8 வெள்ளி

வெயில். சேண்ட் பேப்பர், தண்ணீர், என் இரண்டு முட்டி. பெயிண்ட் போனது. ஒரே சந்தோசம்.

துடைத்துப் பார்த்தால் பளபளப்பும் கூடவே போயிருக்கிறது. தேய்த்த இடம் மட்டும் தேமல் மாதிரி. ஒரே மாதிரி இருக்கட்டும் என்று தரை முழுக்கத் தேய்த்தேன். யோசனை என்னுடையதுதான், வேறு யாரையும் சொல்ல முடியாது.

வீட்டுக்காரி வந்து நின்று பார்த்தாள். "கண்ணாடி மாதிரி இருந்திச்சு. இப்ப அம்மி கொத்தின மாதிரி இருக்கு."



9 சனி

சுவரில் விட்டுப்போன இடங்களுக்குப் பெயிண்ட் தொட வேண்டும். மறுபடி டைலில் வழியுமே என்று பயம். வீட்டுக்காரி சிரட்டையில் கொஞ்சம் ரப்பர் பால் கொண்டு வந்தாள். டைல் ஓரமாக விரலால் இழுத்துப் பூசினாள். காய்ந்ததும் நான் அடித்தேன். பிறகு ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள். ரிப்பன் மாதிரி வந்தது, சிந்திய பெயிண்டோடு.

"இத முன்னமே சொல்லக்கூடாதா?"

"நீங்கதானே இருபது வருசம் பெக்டரியில இருந்தவரு."

10 ஞாயிறு

லேசான தூறல். சம்பந்தி அம்மா, செல்வி, மருமகன். ஆட்டோவில் செல்வியின் பை இருந்தது. யாரும் இறக்கவில்லை.

தேத்தண்ணிகூடக் குடிக்காமல் அந்த அம்மா நேரே பாத்ரூமுக்கு. செருப்பைக் கழற்றி, ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றி, பாதத்தால் அழுத்தித் தேய்த்தார். மறுபடியும்.

"எங்க வீட்டு டைலு எண்ணெ தடவின மாதிரிண்ணே. போன மாசம் நானே விழுந்தேன். இவள நெனச்சு தூக்கமில்ல. இது நல்லா பிடிக்குது. சொரசொரப்பா கேட்டு வாங்கினீங்களா?"

வாயைத் திறந்தேன். வீட்டுக்காரி முந்திக்கொண்டாள். "அவரு பாத்துப் பாத்துச் செஞ்சதுங்க."

தலையை மட்டும் ஆட்டினேன்.

"தம்பி, அந்தப் பைய எறக்கு" என்றார் மகனிடம்.

அவர்கள் போனபிறகு செல்வி குளித்துவிட்டு வந்து கேட்கிறாள், கதவுக்குப் பின்னால் ஒரு நீலக் காலடி இருக்கே, யாருது அப்பா?

அம்மாவுடையது என்றேன்.