எந்தப் பள்ளி, அப்பா?

சந்தேகத்தை மட்டும் எனக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டுப் போன அப்பாவுக்கு,

உன் வருஷத் திவசம் நெருங்கிவிட்டது. கரமனை வீடு அப்படியேதான் இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி, கொல்லை முருங்கை பூத்துத் தள்ளுகிறது. நான்தான் சரியாக இல்லை. கொஞ்ச நாளாக உன்னை வேவு பார்த்துக்கொண்டிருக்கிறேன். செத்துப்போன மனுஷனை வேவு பார்ப்பார்களா என்று கேட்காதே. உயிரோடு இருந்தபோது நீ அதற்கு இடம் கொடுத்தாயா?

ஆரம்பித்துவைத்தவர் ஆட்டோக்காரர் சுகுமாரன். அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போகும்போது, "சாரை வெள்ளியாழ்ச தோறும் பள்ளியில கொண்டு விட்டது நானாக்கும்" என்றார். அம்மா தலையாட்டினாள். "பள்ளிக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தானே நீ கிளம்புவாய்? ரிட்டயரான பிறகு எங்கேயோ பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாய் என்று நாங்கள் நினைத்திருந்தோம். எந்த ஸ்கூல் என்று கேட்டேன். சுகுமாரன் சிரித்துவிட்டார்.

"ஸ்கூலோ? சாலைக்கடைக்குப் பின்னால உள்ள முஸ்லிம் பள்ளியல்லே? ஞாயிறாழ்ச சிலப்போ மாதா பள்ளிக்கும் போகும்."

தமிழில் கேட்டால் பள்ளிக்கூடம். மலையாளத்தில் மசூதியும் பள்ளி, சர்ச்சும் பள்ளி. பொய்யே சொல்லாதவர் என்று தெருவெல்லாம் பெயர் வாங்கிய நீ, அந்த ஒரு சொல்லுக்குள் போய் ஒளிந்துகொண்டாய். நம் வீட்டில் ஸ்கூலை யார் பள்ளி என்று சொன்னோம்? எனக்கு அன்றே உறைத்திருக்க வேண்டாமா?

அம்மா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. விளக்கேற்றிவிட்டு வந்து கேட்டாள். "ஏண்டி கோமதி, அப்பா மாறிட்டாரோ? மாறியிருந்தா நாம வைக்கிற பிண்டம் அவருக்குப் போய்ச் சேருமோ?"

ஊர் என்ன சொல்லும் என்ற பயமில்லை அவளுக்கு. நீ வேறு வழியாகப் போயிருந்தால், நாளைக்கு அவளும் அங்கே வரும்போது உன்னை எங்கே தேடுவது என்ற பயம். அதனால்தான் நான் போய் விசாரித்தேன்.

அந்தப் பள்ளிவாசல் உஸ்தாத் தேங்காப்பட்டணத்துக்காரர், பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுப்பவர். உன் பெயரைச் சொன்னதும் நாற்காலி போட்டு, சுலைமானி டீ வரவழைத்தார். இத்தனை உபசாரம் எதற்கு என்று எனக்கு இன்னும் சந்தேகம் கூடியது. அப்பா மதம் மாறினாரா என்று நேராகவே கேட்டேன்.

"கலிமா சொல்லித் தாங்கன்னு சாமி ஒருநாளும் கேட்டதில்ல, மோளே. கேட்டது ஒரே கேள்வி. மௌத்தானவங்களுக்கு நாம பேசுறது கேக்குமா?"

செத்தவர்களுக்குக் கேட்குமா என்று நீ போய்க் கேட்டதை நான் நம்பவில்லை. பிறகு யோசித்தேன். மூன்று டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரை முழுங்க மாட்டாயே நீ! நம் வீட்டுத் திவசம் பண்ணிவைக்கிற வாத்தியார் சொன்ன பதில் போதாமல், அடுத்த டாக்டரிடம் போயிருக்கிறாய்.

மரணத்துக்கும் மறுமைக்கும் நடுவில் பர்ஸக் என்று ஒரு திரை உண்டு என்றாராம் உஸ்தாத். திரை தாண்டிக் கேட்குமா என்பதில் மார்க்கம் படித்த உலமாக்களுக்குள்ளேயே இரண்டு கருத்து என்றும் சொல்லியிருக்கிறார். "ரெண்டு கருத்தை வெச்சுண்டு நான் என்ன பண்ண?" என்று சண்டைக்குப் போனாயாம். அடுத்து மாதா கோயில் பாதிரியார், இந்த ஊர்ப் பேச்சில் அச்சன். அவர் உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றி, அங்கே சுத்திகரிக்கப்படும் ஆத்துமாக்களுக்காக நாம் ஜெபிப்பதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஜெபிப்பது அவர்களுக்குத் தெரியுமா என்றாய். தெரியும் என்று விசுவசிக்கிறேன் என்றார். திரும்பி வந்து உஸ்தாதிடம் புகார் சொன்னாயாமே: "விசுவாசம்னா என்ன ஓய்? தெரியாதுங்கறதை மரியாதையா சொல்றது!"

அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. இது சாட்சாத் நீதான். மாறவில்லை, எங்கேயும் மாறியிருக்க மாட்டாய்.

"ஆருக்கு வேண்டிக் கேக்கிறீங்கன்னு ஒருநாள் கேட்டேன்" என்றார் உஸ்தாத். "ரமணின்னாரு. பொறவு வந்த நாளெல்லாம் அந்தப் பிள்ளை பேச்சுத்தான். தோசைக்குச் சீனி இல்லேன்னா தட்டைத் தள்ளிருவானாமே?"

ரமணி. பைபாஸில் பைக்கோடு போன என் தம்பி. அவன் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று சொன்னது யார்? அம்மா வாய் தவறிச் சொன்னபோது சாப்பாட்டிலிருந்து எழுந்துபோனது யார்? எங்களை ஊமையாக்கிவிட்டு, நீ மட்டும் வெள்ளிக்கிழமை தோறும் போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறாய். எனக்குக் கோபம்தான் அப்பா. இப்போதும் இருக்கிறது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிண்டத்தைப் பற்றி அவள் பிறகு பேசவே இல்லை. "அங்கே சொன்னவர் என்கிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கப்படாதா?" என்று மட்டும் கேட்டு அழுதாள். இதற்கு எந்த உஸ்தாதிடம், எந்த அச்சனிடம் நான் பதில் கேட்பது?

மறுநாள் காலையில் காக்காய்க்குச் சாதம் வைக்கக் கொல்லைக்குப் போனாள். வழக்கமாகக் கா, கா என்றுதான் கூப்பிடுவாள். அன்று மதில்மேல் சாதத்தை வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி, "ரமணீ, வாடா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அப்பாவையும் கூட்டிண்டு வா."

திவசத்தன்றும் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். நானும் கூடச் சேர்ந்து கூப்பிடுவேன், இது சத்தியம். உனக்குக் கேட்குமா என்று தெரியாது. கேட்டால் அடையாளம் எதுவும் காட்டிவிடாதே. காட்டினால் சந்தேகப்படுவேன்.

மூன்று பேரைக் கேட்டும் நம்பாதவரின் பெண்,
ரமணியின் அக்கா,
கோமதி