கல்யாண வீட்டில் எடுத்த ரத்தம்

அன்பு மகள் தமிழ்நிலாவுக்கு, அப்பா மரக்காணத்திலிருந்து. உன் அம்மாவின் முட்டி வலியைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீ சுகம் என்பது மெயிலில் போட்டிருந்த ஆச்சரியக்குறிகளிலேயே தெரிந்தது. மழை விட்டு உப்பளத்தில் வேலை தொடங்கியாயிற்று, எனக்கும் உப்புக் கம்பெனி லேபில் ஓய்வில்லை, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். தடுப்பூசிக்காக, டெங்கு வைரஸில் எந்தத் துண்டைக் காட்டினால் நம் உடல் சண்டைக்கு நிற்கும் என்று கம்ப்யூட்டரில் தேடி மூன்றைப் பிடித்திருக்கிறாய், நல்லது. இந்தப் பக்கத்து ஜனங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேருக்கு அது பொருந்தும் என்கிறாய், அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. நம் உடம்பில் அந்தத் துண்டைத் தூக்கிக் காட்டும் புரதம் ஆளுக்கு ஆள் மாறும், அப்பா அம்மாவிடமிருந்து வருவது என்று நீதானே சொன்னாய்? அந்தக் கணக்குக்கு நீ ரத்தம் எடுத்ததோ உன் சித்தி மகள் பிரியதர்ஷினி கல்யாணத்தில். யார் யார் கொடுத்தார்கள் என்று உன் அம்மாவிடம் கேட்டேன், விழுந்து விழுந்து சிரிக்கிறாள். எல்லாம் நம்ம ஜனந்தாங்க, வெளியாளுன்னா அந்த போட்டோகிராபர் ஒருத்தர்தான், அவருக்கும் இப்ப எங்க பெரியப்பா பேத்தியத்தான் பேசிக்கிட்டிருக்காங்க என்கிறாள். மாமன் மகளையே கட்டிக் கட்டி வந்த குடும்பம், நானும் அப்படித்தான். ஒரே பாத்தியில் பத்து இடத்தில் உப்பை அள்ளிப் பார்த்துவிட்டு ஊர் உப்பெல்லாம் சுத்தம் என்று நான் கையெழுத்துப் போட்டால் கம்பெனியில் விடுவார்களா? நம் சொந்தக்காரர்களுக்கு மட்டும் தடுப்பூசி கண்டுபிடிக்கவா உன்னை ஐதராபாத்துக்கு அனுப்பினேன்?

செவ்வாய்க்கிழமை அந்தத் துண்டுகளைச் செய்யச் சொல்லி ஆர்டர் போகிறது என்று எழுதியிருக்கிறாய். அதற்குள் உன் ஆராய்ச்சி கைடிடம் இதை நீயே போய்ச் சொல்லிவிடு. திட்டுவார். மாநாட்டில் பேச இருந்த உன்னை எடுத்துவிட்டு உன்னோடு படிக்கிற பிரபாகரனைப் பேசச் சொல்லலாம், சொல்லட்டும். சோதனைக்கூடத்தில் நன்றாக வந்து, பிறகு ஊரில் பலிக்காமல் போவதைவிட இப்போது வெட்கப்படுவது மேல். ஆஸ்பத்திரி நர்ஸ் லூர்துமேரியிடம் பேசியிருக்கிறேன். முறையாக அனுமதி வாங்கி வந்தால் பெருமுக்கல், வானூர், பொம்மையார்பாளையம் என்று தெருத்தெருவாக ரத்தம் எடுக்க உன் கூட வருகிறாராம். இந்த வாட்டியாவது உங்க சொந்தக்காரங்கள வாசல்லயே நிறுத்துங்க சார் என்று என்னையும் குத்தினார். போகட்டும். கணக்கு தப்பினால் மறுபடி போடலாம், அதற்காக அழுதுகொண்டு உட்காராதே.

நோய் நொடி இல்லாமல், தலை நிமிர்ந்து இரு, அம்மாவும் அதையே சொல்லச் சொன்னாள். கைடு அறையிலிருந்து வெளியே வந்ததும் முதலில் வயிறாரச் சாப்பிடு. பிறகு, அவர் என்ன சொல்லியிருந்தாலும், எங்களுக்குப் போன் செய்.

இப்படிக்கு,
உன் அப்பா மணிவண்ணன்