திட்டுக்குப் போன சாயக் கொப்பரை

பெட்டியின் அடியில் கிடந்த உன் கூடாரத் துணியை நேற்றுக் காலை வெளியே எடுத்தேன். வேப்பிலை போட்டு வைத்திருந்தும் சாயத்தின் வாசனைதான் முதலில் வந்தது. மேல் மடிப்பில், கொப்பரையின் விளிம்பு பட்ட இடத்தில், பிறை வடிவில் ஒரு சிவப்பு. மற்றபடி நீ மடித்தது மடித்தபடியே இருக்கிறது. பிரித்தால் எனக்குத் திரும்ப அப்படி மடிக்க வராது என்பதால் ஒருநாளும் பிரித்ததில்லை.

எடுக்கக் காரணம் உண்டு. முந்தாநாள் அந்த ஊரிலிருந்து இரண்டு பேர் அருப்புக்கோட்டைக்கு வந்து, நான் வேலை பார்க்கும் நூல்கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். மூன்று வருஷமாக மழை இல்லை. கண்மாய்த் திட்டில் உனக்கு ஒரு கல் நட்டிருக்கிறார்களாம். பொங்கல் வைத்து மழை கேட்கப் போகிறார்களாம். "அவுக துணி ஏதாச்சும் உங்ககிட்ட இருந்தா கல்லுக்குச் சாத்தலாம்னு நாட்டாமை கேட்டு வரச் சொன்னாரு" என்றார் மூத்தவர். நீ சாமியாகிவிட்ட செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது. உயிரோடு இருந்தபோது வாசகசாலைச் செயலாளர் பதவிக்குக்கூட உன்னை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. திருச்சுழிச் சாலையிலிருந்து பிரியும் ஒரு வண்டிப்பாதையில் இருக்கிறது. எல்லாரும் நல்ல மனிதர்கள். இந்த விஷயத்தில் எனக்குப் பயம் தருவது அதுதான்.

வாசகசாலையில் அந்த ஆங்கிலப் பத்திரிகையை நீ விரித்துக் காட்டிய சாயங்காலம் நினைவுக்கு வருகிறது. ஏதோ ஒரு குளிர்தேசத்து ஏரி. நடுவில் தீவு. தீவு முழுக்கப் பூங்கா. சனங்கள் படகேறிப் போய்க் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். படத்தில் எல்லாரும் பல் தெரியச் சிரித்தார்கள். நம் பக்கத்தில் அப்படிச் சிரித்தால் என்ன ஆயிற்று என்று விசாரிக்க வருவார்கள்.

"ஏலே, நம்ம பக்கத்துக் கண்மாயிலயும்தான் ஒரு திட்டு இருக்கு" என்றாய்.

"கண்மாயில தண்ணி இருக்காலே?"

"இந்த வருசம் இருக்குல்ல!"

இருந்தது. அந்த ஐப்பசியில் குண்டாறு கரை தொட்டு ஓடி, நம் நினைவில் நிரம்பாத கண்மாய்களெல்லாம் நிரம்பியிருந்தன. யுத்த காலம். உலகம் முழுவதும் சர்க்கார்கள் சனங்களைப் பிடித்து முகாமில் போட்டுக்கொண்டிருந்தபோது, நாமாக விரும்பி ஒரு முகாம் போடுவது நாகரிகத்தின் அடையாளம் என்று நீ வாதாடினாய். டிராயிங் வாத்தியார் தலையாட்டினார். தீவுக்குப் போனால் வரையலாம் என்பது அவருடைய கணக்கு. ஆக மூன்று பேர்.

படகுதான் இல்லை. மழைக்கு அலையும் சீமையில் படகு வைத்திருப்பவனை மனிதர்கள் சந்தேகப்படுவார்கள். நீ யோசித்துவிட்டு உன் அப்பாவின் சாயப்பட்டறையிலிருந்து பெரிய இரும்புக் கொப்பரையை வண்டியில் ஏற்றினாய். உன் அப்பா தெலுங்கில் நெடுநேரம் பேசினார். என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "ஆசீர்வாதம் பண்ணுனாரு" என்றாய்.

கூடாரத்துக்குத் துணி வேண்டும். துணிக்குச் சர்க்கார் கண்ட்ரோல், நூலுக்குப் பஞ்சம். உங்கள் வீட்டுத் தறியில் அப்போதுதான் அறுத்த நீளத் துணியை, ஒரு நூல் பிரியாமல் திருப்பித் தருவதாக உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு எடுத்து வந்தாய். வண்டியில் அதை உன் மடியில் வைத்துக்கொண்டாய். வாத்தியார் வெற்றிலை எச்சில் துப்பும்போதெல்லாம் அவரை முறைத்தாய்.

நாட்டாமை நம்மை உபசரித்ததை மறக்க முடியாது. கண்மாய் நிறைந்ததால் கிணறுகளில் கமலை இறைக்கும் வேலை இல்லை. வடங்களெல்லாம் சும்மா கிடந்தன. கேட்டதும் கொடுத்தார். அவற்றை முடிந்து இரண்டு நீள வடமாக்கி, கொப்பரையின் இரண்டு காதிலும் கட்டி, ஒன்றின் முனையைக் கரையில் ஒரு பனையிலும் மற்றதன் முனையைத் திட்டின் கருவேலமரத்திலும் முடிந்தோம். அந்தப் பக்கம் இழுத்தால் அங்கே போகும், இந்தப் பக்கம் இழுத்தால் இங்கே வரும். ஒரு தடவைக்கு இரண்டு பேர். திட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மூவரின் வேட்டியும் பின்னால் சிவந்தது. கரையில் நின்ற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள்.

"திட்டுன்னா என்னன்னு நெனச்சீக?" என்றார் நாட்டாமை வழியனுப்பும்போது. "எங்க அய்யாமாரு காலத்துல வீட்டுக்கு ஒரு ஆளு எறங்கி, கண்மாய் வண்டல வெட்டிக் கொட்டுன மேடு. பாத்துக் காலை வைங்க."

வண்டல் மேடு. அந்தச் சொல்லை நாம் மூவரும் கேட்டோம். நாம் படித்தவர்களும்தான். வறண்ட கண்மாயில் அந்த மேட்டின்மேல் ஆடு மேயப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு அது பாறை மாதிரி. மண் தண்ணீரில் கரையும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் அந்த மண்ணை அந்தத் தண்ணீரோடு சேர்த்து நினைக்க நமக்குப் பழக்கமில்லை.

மத்தியானம் நன்றாகத்தான் இருந்தது. நீ பத்திரிகைப் படத்தைப் பார்த்துப் பார்த்துக் கூடாரம் அடித்தாய். முளைக்குச்சிகள் ஒரே அடியில் இறங்கின. "வெண்ணெயில எறங்குற மாதிரி இருக்குல" என்று மகிழ்ந்தாய். பொழுது சாயும் நேரத்தில் கரையில் கொட்டுச் சத்தம் கேட்டது. ஊரே கலுங்குப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கட்டிய கல்மதகு அது. ஆண்கள் பனந்துண்டுகளைத் தோளில் சுமந்து போனார்கள். பெண்கள் தலையில் களிமண் கூடை. வழிகிற தண்ணீரை வழியவிட மனசு வராமல் கலுங்கை உயர்த்தி அடைத்துக்கொண்டிருந்தார்கள். நாம் கை காட்டினோம். அவர்களும் கை காட்டினார்கள்.

வாத்தியார் திட்டின் ஓரத்தில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தவர் எழுந்து வந்தார். "ஏம்ப்பா, ஒரு கல்ல வச்சு ஆரம்பிச்சேன். இப்ப அந்தக் கல்லக் காணோம்."

"வேற கல்ல வரைங்க சார்" என்றாய்.

அடைய வந்த நாரைகள் மரத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, உட்காராமல் கிழக்கே போயின. கருவேலமரத்தில் எறும்பு சாரை சாரையாக மேலே ஏறியது. நான் அதைச் சொன்னேன். நீ கால் நீட்டிப் படுத்தபடி சொன்னாய்: "தண்ணியப் பாத்து எவம்லே பயப்படுவான்? தண்ணி இல்லேன்னாத்தான் பயம்." நம் சீமையில் இதை மறுத்துப் பேச யாருக்கும் வாய் வராது.

விடிந்தபோது தூறல். முளைக்குச்சிகள் தண்ணீருக்குள் நின்றன. திட்டு பாதியாகியிருந்தது. மிச்சத்தில் கால் வைத்தால் பாதம் புதைந்தது. மரத்தடியில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. நாம் மூவரும் அதைப் பார்த்தோம். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாமான்களைக் கட்டினோம்.

"நீதாம்லே வாய்க்காரன்" என்றாய் என்னிடம். "போயி நாட்டாமைகிட்டப் பேசு. கலுங்க அவுத்துவிடச் சொல்லு. வாத்தியாரு கனமான ஆளு, அவரையும் கூட்டிட்டுப் போ. நான் துணியச் சுருட்டிட்டு அடுத்த நடைக்கு வாரேன்."

கரை ஏறினதும் வாத்தியாரை வடத்தோடு விட்டுவிட்டு நான் ஓடினேன். கலுங்கில் திருவிழா. பனந்துண்டு வரிசைக்கு மேல் களிமண் பூசி, அதன்மேல் மஞ்சள் தெளித்திருந்தார்கள்.

"வாங்க தம்பி" என்றார் நாட்டாமை. "பாத்தீகளா, ஒரு சொட்டுப் போகல."

"ஐயா, திட்டு கரையுது. கொஞ்சம் அவுத்துவிடுங்க. அங்க ஒரு ஆளு நிக்கிறாரு."

"நிக்கட்டும்யா. திட்டுல தண்ணி ஏறுனதா சரித்திரமே இல்ல."

"வண்டல் மண்ணுன்னு நீங்கதானய்யா சொன்னீக?"

"அதத்தான் சொல்றேன். எங்க அய்யாமாரு கொட்டுனது. லேசுல கரையுமா?" அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. அவர் பாட்டனாரை நான் அவமதித்துவிட்டேன்.

நான் விடவில்லை. வாய்க்காரன் அல்லவா? காலில் விழுந்தேன். அதன்பிறகு அவர் முகம் மாறியது. இதை நியாயமாகச் சொல்ல வேண்டும்: அவருக்கு மனசு இருந்தது. ஆனால் அந்தக் கண்மாய்ப் பாசனம் நான்கு கரையாக, அதாவது நான்கு பங்காகப் பிரிந்தது. கரைக்கு ஒரு தலைவர். கலுங்கை அடைப்பதற்கு யார் வேண்டுமானாலும் அடைக்கலாம். அவிழ்ப்பதற்கு நான்கு கரைக்காரரும் நேரில் நின்று தலையசைக்க வேண்டும். தாத்தா காலத்து ஏற்பாடு. மூன்று பேர் அங்கேயே இருந்தார்கள், மூவரும் தலையசைத்தார்கள். நாலாமவர் பாலவனத்தத்தில் கல்யாண வீட்டில் இருந்தார்.

"ஆளனுப்பிக் கூப்பிடுறேன் தம்பி. நம்ம வண்டியே போகட்டும், மாடு நல்லா ஓடும்" என்றார் நாட்டாமை. அனுப்பினார். மாடுகள் நன்றாகத்தான் ஓடின. நான் பார்த்தேன். வண்டி கண்ணுக்கு மறையும்வரை எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டு மரியாதையாக நின்றார்கள். களிமண்ணில் நானே கை வைக்கப் போனபோது நாலு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். வலிக்காமல்தான் பிடித்தார்கள்.

கரையில் நடந்ததை வாத்தியார் சொல்லித்தான் தெரியும். நீ உன் பக்கத்து வடத்தை இழுத்துக் கொப்பரையை வரவழைத்தாய். வாத்தியார் அடுத்த இழுப்புக்குத் தயாராக நின்றார். கை காட்டினாய். தலை குனிந்து இழுத்தார். லேசாக வந்ததாம். கரைக்கு வந்ததும்தான் தெரிந்தது, அதில் நீ இல்லை. அம்மாவிடம் சொன்ன வார்த்தைப்படி மடித்த துணி இருந்தது. நீயும் ஏறினால் கொப்பரை ஆடி, அடியில் கிடக்கும் தண்ணீர் துணியில் பட்டுவிடும் என்று அதை மட்டும் முதலில் அனுப்பியிருக்கிறாய். தூறலில் இரண்டு கையையும் வாயருகே வைத்துக் கத்தினாய்: "துணி நனையாமப் பாத்துக்குங்க சார்!"

அவர் சட்டையைக் கழற்றித் துணியைப் போர்த்தி வைத்தார். நீ கொப்பரையைத் திரும்ப இழுக்க ஆரம்பித்தாய். அது பாதி தூரம் போனபோது கருவேலமரம் சாய்ந்தது. அவசரமில்லாமல், படுக்கப் போகிறவன் மாதிரி சாய்ந்ததாம். வடமும் கொப்பரையும் அதோடு போயின. நீ எதையோ கூப்பிட்டுச் சொன்னாய். தெலுங்கில். வாத்தியாருக்குத் தெலுங்கு தெரியாது.

கிணற்றில் நீந்திப் பழகிய ஊர்ப்பிள்ளைகள் தாமதிக்காமல் குதித்தார்கள். முள்ளில் கிழிபட்ட கையோடு திரும்பினார்கள். நாலாம் கரைக்காரர் கல்யாணச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு வந்து சேர்ந்தார். நிலைமையைக் கேட்டு, ஆட்சேபணை இல்லை என்று தலையசைத்தார். உன்னைக் கண்மாய் பிறகு கரைசேர்த்தது. அந்த வருஷம் அந்த ஊரில் இரண்டு போகம் விளைந்தது.

உன் அம்மா துணியை வாங்கிக்கொள்ளவில்லை. வாத்தியாரும் வேண்டாம் என்றார். அதனால் என்னிடம் இருக்கிறது.

நேற்று அதை எடுத்துக்கொண்டு போனேன். கண்மாய்க்குள் வண்டியே போகிறது. திட்டு என்று சொல்ல ஒரு முழ உயரம் மிச்சமிருக்கிறது. அதன்மேல் உன் கல். நாட்டாமைக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னார்: "அவுகளுக்குத் தண்ணின்னா அம்புட்டு ஆசை. கலுங்க அவுக்க வேணாம், என் உசுரு போனாலும் போகட்டும்னு சொன்ன மகராசன்."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் நினைவிருக்கிறது. சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தேன். எல்லாருக்குமே அப்படித்தான். நீ போகச் சொன்ன தண்ணீரை, வரச் சொல்லி உன்னிடமே கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாய்க்காரன் என்ற பட்டத்தை அந்தக் கலுங்கிலேயே விட்டுவிட்டேன். கல்லுக்குச் சாத்த, வரும் வழியில் கடையில் வாங்கிய புது வேட்டியைக் கொடுத்தேன். உன் துணியைக் கக்கத்தில் வைத்திருந்தேன். கைகள் அதைக் கொடுக்க முன்வரவில்லை.

பொங்கல் பானை பொங்குகிற நேரத்துக்குக் கிழக்கே கறுத்தது. முதல் காற்றிலேயே மண்வாசனை வந்தது. குலவைச் சத்தம். கிழவர்கள் அழுதார்கள். பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு அண்ணாந்து நின்றார்கள். கரை எவ்வளவு தூரம் என்று நான் பார்த்தேன். கலுங்குப் பக்கமும் பார்த்தேன். அங்கே பனந்துண்டுகள், புதிதாக வெட்டியவை, வரிசையாக அடுக்கித் தயாராக இருந்தன.

முதல் சொட்டு விழுந்ததும் துணியைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு ஓடினேன். "ஐயா, மழைய்யா! எங்க ஓடுதீக?" என்று வண்டிக்காரர் பின்னால் கத்தினார். ஊரே கண்மாய்க்குள் மழையில் நின்றுகொண்டிருக்க, கரையைப் பார்த்து ஓடியவன் நான் ஒருவன்தான். கரைமேல் இருந்த கோயில் மண்டபத்துக்குள் போய் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, மடிப்புக் கலையாமல் ஒவ்வொரு ஓரமாகத் தொட்டுப் பார்த்தேன்.

நனையவில்லையடா.