கோப்பெங்கிலிருந்து வந்த நற்சான்று

பீடோர்,
6 நவம்பர் 2024

மதிப்பிற்குரிய திருமதி ரோசரி அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். என் பெயர் பிரமிளா. ரப்பர் தோட்டம் மூடியபோது எங்களுக்குக் கொடுத்த வீட்டில் அப்பா, அம்மாவோடு இருக்கிறேன். போன வாரம் அடித்த புயல்காற்றில் கூரைத் தகரம் பாதி பிய்ந்து செம்பனைத் தோட்டத்துக்குள் போய் விழுந்தது. இப்போது கூரைக்குக் கன்வஸ் படுதா கட்டிக்கொண்டு இருக்கிறோம்.

கூரை போடும் குத்தகையாளர் கீத் வந்து பார்த்தார். தான் வேலை செய்த வீடு என்று உங்கள் முகவரியைக் கொடுத்தார். உங்களுக்குக் காது சரியாகக் கேட்காது, போன் சரிப்படாது என்றார். எனக்கு அது நிம்மதியாகவே இருந்தது. தெரியாதவர்களிடம் போனில் பேச எனக்கு வாய் வராது.

வீட்டில் முதல் பட்டதாரி என்பதால் பாரம் நிரப்புவது, கடிதம் எழுதுவது எல்லாம் என் பொறுப்பு. அவருடைய நிறுவனப் பதிவைத் தேடிப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒழுகுமா என்று பதிவு சொல்லாதே. அப்பாவின் சேமநிதிப் பணத்தில் போடும் கூரை இது. இன்னொரு முறை போட எங்களால் முடியாது.

தயவுசெய்து சொல்லுங்கள்: சொன்ன நாளில் வந்தாரா? வேலையை முடித்தாரா? மழைக்கு ஒழுகுகிறதா? பதிலுக்கு உறையும் தபால்தலையும் வைத்திருக்கிறேன்.

பணிவுடன்,
பிரமிளா

கோப்பெங்,
11 நவம்பர் 2024

அன்புள்ள மகள் பிரமிளாவுக்கு,

ஆண்டவர் துணையால் இங்கு நலம். உங்கள் வீட்டிலும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன். காது போன கிழவிக்குக் கடிதம் எழுத இந்தக் காலத்திலும் ஒரு பிள்ளை இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

கீத் எங்கள் கோயில் பையன். சொன்ன நாளில், காலை ஏழு மணிக்கே வந்து நின்றான். நல்ல சாமான் போடுகிறான். அவன் தகரம் போட்ட இடத்தில் ஒரு சொட்டு ஒழுகாது. மரியாதையான பிள்ளை. அப்பாவிடம் தைரியமாகக் கொடுக்கச் சொல்.

அன்புடன்,
ரோசரி ஆன்ட்டி

பீடோர்,
2 டிசம்பர் 2024

அன்புள்ள ரோசரி ஆன்ட்டிக்கு,

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மறுநாளே முன்பணம் கொடுத்தார்.

கீத் வந்தார், காலை ஏழு மணிக்கே. நல்லாயிருந்த பழைய தகரத்தையும் சேர்த்து முழுவதும் கழற்றினார். முன்னறைக்கு மட்டும் புதுசு போட்டார். அதோடு பன்னிரண்டு நாளாக ஆளைக் காணோம். அப்பா கூப்பிட்டால், "நாளைக்கு வாரேன்லா அண்ணே, சாமான் இன்னும் வரல" என்கிறார். சமையலறையில் அம்மா குடை பிடித்துக்கொண்டு சோறு வடிக்கிறாள்.

உங்கள் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். வேலையை முடித்தாரா என்று கேட்டதற்கு அதில் பதிலே இல்லை.

நேற்று ஈப்போவிலிருந்து வரும் வழியில் கோப்பெங்கில் இறங்கி உங்கள் வீட்டெதிரே நின்றேன். முன்பக்கம் நீலத் தகரம், பின்பக்கம் கன்வஸ். நீங்கள் வாளியில் தண்ணீர் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். கூப்பிட நினைத்தேன், முடியவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ஏன் ஆன்ட்டி?

பிரமிளா

கோப்பெங்,
8 டிசம்பர் 2024

அன்பு மகளே,

வாசல் வரை வந்தவளுக்கு ஒரு வாய் தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை.

உன் முதல் கடிதம் வருவதற்கு முன்பே கீத் வந்துவிட்டான். என் காதோரம் குனிந்து, "ஆன்ட்டி, பீடோர்லேருந்து ஒரு புள்ள எழுதும். நாலு வார்த்த நல்லா எழுதிக் குடுங்க. அந்த வேல கெடச்சாதான் ஒங்க வீட்டுப் பின்பக்கத்துக்குத் தகரம் வாங்க முடியும்" என்றான். எட்டு மாதமாகக் காத்திருந்தவள் நான். நீ கேட்ட ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதாமல் விட்டேன். பொய் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு என் படுக்கைக்கு மேலே இரண்டு தகரம் போட்டான். அது உன் அப்பா காசு. தூக்கம் வரவில்லை, மகளே.

ரோசரி

பீடோர்,
16 டிசம்பர் 2024

அன்புள்ள ஆன்ட்டிக்கு,

கோபம் போய்விட்டது என்று நான் எழுதினால் அது உங்கள் முதல் கடிதம் மாதிரி ஆகிவிடும்.

புதன்கிழமை கீத் எனக்கே போன் செய்தார். "தங்கச்சி, கமுந்திங்லேருந்து கலாதேவின்னு ஒரு அக்கா கூப்பிடுவாங்க. நல்லா சொல்லு. சனிக்கெழம ஒங்க குசினிய முடிச்சிருவோம்." அன்று மாலையே கலாதேவி அக்கா கூப்பிட்டார். "கீத் வேல ஓகேவாம்மா?" என்றார். என் நாக்கு ஒட்டிக்கொண்டது. "ஒண்ணும் சொல்லலன்னா கொற இல்லன்னுதானே? தேங்ஸ்மா" என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை கீத் ஆட்களோடு வந்தார். அம்மா சந்தோஷத்தில் அவர்களுக்கு மீ கோரெங் நூடுல்ஸ் பிரட்டினாள். மேலே ஆணி அடிக்கும் சத்தம் கேட்கக் கேட்க எனக்குத் தாங்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் போய்க் கலாதேவி அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, காசு குடுத்துட்டீங்களா?"

"நாளைக்குத்தான். ஏம்மா?"

"குடுக்காதீங்க. எங்க கூர பாதியில நிக்குது. ஒங்ககிட்ட நல்லா சொல்லுவேன்னுதான் இப்ப ஆணி அடிக்கிறாரு."

"அன்னைக்கே சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

கொஞ்ச நேரத்தில் கூரைமேல் கீத்தின் போன் அடித்தது. பேசிவிட்டு என்னையே பார்த்தார். "படிச்ச திமிரு" என்று மட்டும் சொன்னார். போடாத தகரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அம்மா என்னோடு பேசுவதில்லை. அப்பா கன்வஸைத் திரும்பக் கட்டினார். "அந்தக் கயிறு முனையப் புடிம்மா" என்றார், அவ்வளவுதான்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு மனு கொடுத்துவிட்டேன். ஜனவரி 9-இல் ஈப்போவில் விசாரணை. சாட்சியாக வருவீர்களா?

பிரமிளா

கோப்பெங்,
4 ஜனவரி 2025

அன்பு மகளே,

நேற்று கீத் என் வீட்டுப் பின்பக்கம் முழுவதையும் முடித்துவிட்டான். உன் மனு அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இறங்கி வந்து, காதோரம் குனிந்து, "ஈப்போவுக்குப் போகமாட்டேன்னு சொல்லுங்க ஆன்ட்டி" என்று கையைப் பிடித்துக்கொண்டான். மழை இருட்டிக்கொண்டு வந்தது. சரி என்று சொல்லிவிட்டேன். ஞாயிறு பூசையில் அவன் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் நான் உட்கார வேண்டும்.

ஆகவே என்னை எதிர்பார்க்காதே.

ஆனால் என் வீட்டு வேலையை அவன் எட்டு மாதத்துக்கு மேல் பாதியில் போட்டு வைத்திருந்தான். உனக்கு நல்லபடியாக எழுதச் சொல்லி என்னிடம் கேட்டது அவன்தான். எழுதியது நான்தான். நேற்று முடித்துக் கொடுத்ததும் என் வாயை அடைக்கத்தான். கீழே முழுப்பெயரும் அடையாளக்கார்டு எண்ணும் போட்டிருக்கிறேன். இந்தத் தாளை அங்கே கொடு.

வரமாட்டேன் என்றுதான் அவனிடம் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை.

இப்படிக்கு,
ரோசரி க/பெ லூர்துசாமி