சிங்க முத்திரை போட்ட நோட்டீஸ்

ட்வெய்ட்டா, ஒஸ்லோ
நவம்பர் 12, புதன்

அன்புத் தம்பி மார்க்குக்கு,

பன்னிரண்டு நாளாக நீ தொலைபேசி எடுக்கிறாய் இல்லை. அதனால் கடதாசியில் எழுதுகிறேன். நாளைக்கு உன் மனிசி கரோலினா உன்னிடம் வருகிறாள். இதை உன் கையில் தந்துவிட்டு, வாசித்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். நான் சுகம். நீ சுகமாக இல்லை என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. ஸ்தவாங்கரில் மாமனார் வீட்டு அறைக்குள் யன்னலைப் பார்த்தபடி இருக்கிறாயாம். நேரத்துக்குச் சாப்பிடு.

கடை நடக்கிறது. ஒல்லாந்திலிருந்து வந்த முருங்கைக்காய்ப் பெட்டிகள் சுங்கத்தில் மூன்று நாள் கிடந்து வதங்கி வந்தன. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருந்தால் இப்படி வதங்காது அக்கா என்று நீ ஒவ்வொரு முறையும் சொல்வாய். இந்த முறை சொல்ல ஆள் இல்லை. பெட்டிகளைக் குப்பையில் போட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து கரோலினா கடைக்கு வந்தாள். உன் பதவியும் அரச முத்திரையும் அரசியல் கூட்டத்து நோட்டீஸில் எப்படி வந்தன என்று அமைச்சு உன்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டதும், அந்த நோட்டீஸ் உன் ஐரோப்பா இயக்கத்துக் கூட்டத்துக்கு அடித்தது, பொறுப்பு உன்னுடையது என்று நீ மூன்று வரியில் பதில் எழுதியதும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வேலையை விடுகிற கடிதமும் எழுதி வைத்திருக்கிறாயாம், வெள்ளிக்கிழமை அனுப்பப் போகிறாயாம். அவள் அழவில்லை. கோபமாக இருந்தாள், அந்தக் கோபமும் உன்னில் இல்லை. “அவர் உங்கடை பேரைச் சொல்லமாட்டார் மச்சாள். நீங்களாவது சொல்லுங்கோ” என்றாள். அன்றைக்குக் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டேன்.

சொல்கிறேன். அந்தக் கூட்டத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்னம் நீ என்னிடம் தெளிவாகச் சொன்னாய். “பேர் மட்டும் போடுங்கோ அக்கா. பதவி ஒண்டும் வேண்டாம்.” நான் ஓம் என்றேன். ஓம் என்று சொல்லிக்கொண்டே இது என்ன விசர்க்கதை என்று நினைத்தேன். எங்கடை ஆக்கள் கலியாணக் கார்ட்டில் மாப்பிள்ளையின் தகப்பன் எந்தக் கந்தோரில் என்ன வேலை பார்த்தவர் என்று போடாமல் விடுவதில்லை. மரண அறிவித்தலிலும் போடுவோம். வெறும் மார்க் என்று அடித்தால் எந்த மார்க் என்று கேட்பார்கள். நல்ல சாமானை விலாசம் ஒட்டாமல் விற்பது எனக்குத் தெரியாது.

அச்சடிக்கிற சயூரனிடம் நான்தான் போய், உன் பதவியைப் பெரிய எழுத்தில் போடு, அமைச்சின் பேரைப் போடு, இணையத்தில் இருக்கிற அரச முத்திரையையும் எடுத்து மேலே போடு என்றேன். சிங்கத்தைக் கண்டால் எங்கடை சனம் முகம் சுழிக்கும் அக்கா என்றான். அது இலங்கைக் கொடியில் வாள் பிடிக்கிற சிங்கம், இது கோடரி பிடிக்கிற நோர்வேச் சிங்கம், பயப்படாதே என்று பகிடி விட்டேன். தமிழில் முந்நூறு, நோர்வேஜியத்தில் முந்நூறு. ஒவ்வொரு அரிசிப் பையோடும் ஒன்று கொடுத்தேன். ஐரோப்பா வேண்டாம் என்கிற எதிர்ப்பக்கத்து ஆள் ஒருவர் கறிவேப்பிலை வாங்க வந்து அதையும் கொண்டுபோய்ப் பேப்பருக்குக் கொடுப்பார் என்று நான் கண்டேனா?

கூட்டத்தன்று வாசல் மேசையில் ஒன்றை எடுத்துப் பார்த்தாய். மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தாய். என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு மேடைக்குப் போய்ப் பேசினாய். வெட்கப்படுகிறாய் என்று நினைத்துச் சிரித்தேன் தம்பி.

உன் வேலை என்ன வேலை என்று எனக்கு இந்தப் பன்னிரண்டு நாளில்தான் விளங்குகிறது. வரிக் கந்தோரில் கவுண்டரில் தொடங்கி இருபத்திரண்டு வருசம். இரண்டு தரம் உன்னைத் தாண்டி வேறு ஆளுக்குப் பதவியுயர்வு கொடுத்தார்கள். மூன்றாம் தரம்தான் அமைச்சில் துணைப் பணிப்பாளர். பின்னேரங்களில் ஐரோப்பாக் கூட்டம், ஏழு பேர், ஆறின கோப்பி. மண்டபத்துக்குள் போக முன்னம் கழுத்தில் தொங்குகிற கந்தோர் அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைப்பாய். கந்தோர்ப் பேனையால் ஐரோப்பா இயக்கத்துக் கடிதம் எழுதமாட்டாய். நான் அதையெல்லாம் பார்த்துச் சிரித்திருக்கிறேன். தோற்கிற பக்கத்தில் நின்று தலை நரைத்தவன் நீ, ஆனால் ஒரு நாளும் அந்தக் கோட்டைத் தாண்டினவன் இல்லை. தாண்டினது நான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தொண்ணூற்று நான்கில், ஐரோப்பிய ஒன்றியத்தில் சேருவதா என்று நாடே வாக்குப் போட்டபோது, நீ பதினாறு வயதில் பனிக்குள் நின்று “ஆம்” என்று துண்டு கொடுத்தாய். நான் உனக்குச் சுடச்சுடத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டுப் போய் “இல்லை” என்று வாக்குப் போட்டனான். வடக்கே மீன் ஆலையில் என்னோடு மீன் வெட்டின பெண்கள் தங்கடை கடலை ஐரோப்பா கொண்டுபோய்விடும் என்று பயந்திருந்தார்கள். அவர்களுக்காகப் போட்டேன். ஆகையால் அந்த நோட்டீஸ் ஐரோப்பாவுக்காக அடித்தது இல்லை. என் தம்பி யார் என்று ஊர் அறியவேண்டும் என்று அடித்தது. அது என்னுடைய ஆசை. அதுக்கு நீ வேலையை விடவேண்டாம்.

திங்கட்கிழமை உன் அமைச்சுக்குப் போனேன். ஒரு அதிகாரி அம்மா கீழே இறங்கி வந்து மரியாதையாகக் கதைத்தா. முதல் பதில் உன் கையால் வந்தபடியால் அதைத் திருத்துவதும் உன் மூலமாகத்தான் வரவேண்டும் என்றா. இதோடு ஒரு கடிதம் இருக்கிறது. நோட்டீஸை அடிப்பித்தது நான், நீ வேண்டாம் என்று சொல்லியும் செய்தேன் என்று நானே நோர்வேஜியத்தில் எழுதினேன். பிழைகள் இருக்கும், திருத்தாதே. சயூரனும் கையெழுத்து வைத்திருக்கிறான்.

நீ எதுக்குப் பயப்படுகிறாய் என்று தெரியும். பேப்பர்க்காரர் கடைக்கு வருவார்கள், தம்பியின் வேலையை அக்கா தின்றுவிட்டா என்று சனம் கதைக்கும். பேப்பர்க்காரர் வரட்டும், ரோல்ஸ் வாங்காமல் வெளியே விடமாட்டேன். சனம் கதைக்கட்டும். தனியாக நின்று கடை திறந்த நாளில் இதைவிடக் கூடக் கதைத்தார்கள். உன்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு வளர்த்ததுக்கு நீ இப்படித் திருப்பித் தருகிறாய் என்று நினைக்கிறேன். முப்பது வருசம் விலை போட்டவள் சொல்கிறேன், இது மிகவும் கூடின விலை. எனக்கு வேண்டாம்.

என்னோடு கோபமென்றால் கோபமாக இரு. நத்தார்ப் பண்டிகைக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. இந்த நாடு உன் ஐரோப்பாவுக்குள் போகும் என்று இன்னமும் நான் நம்பவில்லை. ஆனால் அந்தத் தோல்வியை நீ உன் கதிரையில் இருந்துகொண்டே தோற்கவேண்டும்.

எனக்குக் களைப்பாக இருக்கிறது மார்க். மாதா உன்னைக் கைவிடமாட்டா. வெள்ளிக்கிழமை அந்த மற்றக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு என்னுடையதை அனுப்பு. இந்த ஒரு தரம் அக்காவைக் காட்டிக்கொடு, ராசா.

உன் அக்கா
யோசெப்பின்